அச்சு அசல் கையெழுத்து

மக்களே, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதையெல்லாம் பிடுங்கி முடிச்சு நிமிர்ந்தா, வீட்ல ஒரு ஆணி காத்துக்கிட்டு இருந்தது. இது நிஜ ஆணி. மாங்காட்டுல எங்க வீட்டுக் கூடத்துல, காமாட்சி அம்மன் படத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய போட்டோ தொங்குற ஆணி.

போட்டோவில் இருப்பவர் அந்தக் காலத்துப் பாட்டு நட்சத்திரம் ஒருத்தர். பெயர் வேண்டாம். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. படத்தின் கீழே சாய்வாக, மைப் பேனாவால் போட்ட மாதிரி ஒரு கையெழுத்து. "தாத்தா கச்சேரிக்குப் போய் நேர்ல வாங்கினது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். கச்சேரி நடந்த ஊர் மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். அப்பா சொன்னால் காஞ்சிபுரம், அத்தை சொன்னால் மெட்ராஸ்.

போன மாசம் சித்தப்பா ஒரு ஆன்லைன் ஏலத்தோட லிங்க் அனுப்பினார். அதே படம், அதே கையெழுத்து. "ஒரிஜினல் ஆட்டோகிராப், உத்தரவாதம் உண்டு" என்று கொட்டை எழுத்தில். ஆரம்ப விலை 25,000 ரூபாய். கூடவே சித்தப்பாவோட குரல் செய்தி: "டேய், நம்ம வீட்ல தூசி புடிச்சு தொங்குது பாரு. வித்தா ஆயாவோட கண் ஆபரேஷனுக்கு ஆகும்டா. நீதான் கம்ப்யூட்டர் புள்ள, ஏலத்துல ஏத்திவிடு."

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தியது. பொட்டி தட்டுறவன் புத்தி அப்படி. ரெண்டு ஃபைல் ஒரு பைட் கூட மாறாமல் இருந்தால் அது ரெண்டு ஃபைல் இல்லை, ஒன்று மற்றதோட காப்பி. மனுஷன் கையால் போட்ட ரெண்டு கையெழுத்து எப்படி அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும்?

பேங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகலைன்னா செக் திரும்பி வரும். அதனால நமக்கெல்லாம் 'ஒத்துப்போனா உண்மை, ஒத்துப்போகலைன்னா போலி' என்று மனசில் பதிஞ்சு போச்சு. பழைய கையெழுத்து சேகரிக்கிறவங்க உலகத்தில் இது பாதி உண்மைதான். ரொம்ப வித்தியாசமா இருந்தால் சந்தேகம். ஆனால் இம்மி பிசகாமல் ஒத்துப்போனால் சந்தேகமே இல்லை, அது நகல். நம்பிக்கை இல்லைன்னா ஒரு வெள்ளைத் தாளில் பத்து கையெழுத்து போட்டுப் பாருங்க. உங்க கையெழுத்தை நீங்களே காப்பி அடிக்க முடியாது.

இதைக் கணக்குப் போட்டு நீதிமன்றத்தில் சொன்னவர் ஒருத்தர் இருக்கார். அமெரிக்காவில் சில்வியா ஆன் ஹௌலண்ட் என்ற பணக்கார அம்மா 1865இல் இறந்தார். சொத்து மொத்தமும் தனக்கே என்று ஒரு தாளை நீட்டினார் அவரோட உறவுப் பெண் ஹெட்டி ராபின்சன். அதிலிருந்த கையெழுத்து, உயிலில் இருந்த கையெழுத்தோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. வழக்கு நடந்தபோது கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ் சாட்சி சொல்ல வந்தார். அவரும் அவர் மகன் சார்லஸும் அந்த அம்மாவோட 42 உண்மையான கையெழுத்துகளை எடுத்து, ஜோடி ஜோடியாக, 861 ஜோடிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். ஒரு கையெழுத்தில் கீழ்நோக்கி இழுத்த கோடுகள் 30. ஒரு ஜோடியில் சராசரியாக ஐந்தில் ஒரு கோடுதான் பொருந்தியது. அப்படின்னா 30 கோடும் பொருந்த வாய்ப்பு? ஐந்தில் ஒன்றை 30 தடவை பெருக்கணும். கீழே வருவது 21 இலக்க எண். ஒவ்வொரு கோடும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டது தப்பு என்று புள்ளியியல்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். 1868இல் தீர்ப்பும் வேறொரு சட்டக் காரணத்தால்தான் ஹெட்டிக்கு எதிராகப் போனது. ஆனாலும் அடிப்படை யோசனை இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது: ரொம்பச் சரியா இருக்கிறதே தப்புக்கு அடையாளம்.

அதுக்காக நகல் கையெழுத்தெல்லாம் மோசடி என்று கிளம்பிட வேண்டாம். உங்க பர்சில் இருக்கிற 500 ரூபாய் நோட்டை எடுங்க. ரிசர்வ் பேங்க் கவர்னரின் கையெழுத்து இருக்கும். அவர் ஒவ்வொரு நோட்டாக உட்கார்ந்து போடவில்லை என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை. அதையே ஒருத்தர் "கவர்னர் நேரில் போட்டுக் கொடுத்தது" என்று ஏலத்தில் விட்டால்தான் பிரச்சினை. மையும் தாளும் மாறவில்லை, கூட ஒட்டின கதைதான் பொய்.

சரி, பாட்டுக்காரங்க கையெழுத்துக்கு நகல் எடுக்கிற தேவை ஏன் வந்தது? ஒரு பாட்டை ஆயிரம் பேர் வீட்டுக்கு அனுப்ப முடிந்த பிறகுதான் வந்தது. அதாவது இசைத்தட்டு வந்த பிறகு.

நவம்பர் 1902. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கௌஹர் ஜான் வந்து பாடினார். பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவான மூலத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவருக்குப் போகும், அங்கேதான் அச்சடிப்பு. அங்கே இருப்பவர்களுக்கு நம்ம மொழியும் தெரியாது, பாடினது யார் என்றும் தெரியாது. லேபிளில் சரியான பெயர் போட அந்தக் குரல்தான் அடையாளம். 1908இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இங்கேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள்.

தென்னிந்தியப் பாடகிகளும் அந்தப் பத்தாண்டிலேயே தட்டுக்கு வந்துவிட்டார்கள். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள், நம்ம பக்கத்து ஊரான காஞ்சிபுரத்து தனகோடி அம்மாள். தாயி பாடின தட்டைக் கேட்டுத்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் டெலாஜ் 'ராகமாலிகா' என்று ஒன்றை எழுதினார். தாயியை நேரில் பார்க்காத ஊரில் தாயியின் நகல் வேலை செய்திருக்கிறது.

கௌஹர் ஜான் சொன்ன பெயரை நான் குரலால் போட்ட கையெழுத்து என்றுதான் நினைக்கிறேன். அது எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி கேட்கும். ஆனால் யாரும் ஏமாறவில்லை. தட்டு என்றாலே நகல்தான் என்று வாங்கினவருக்குத் தெரியும். காகிதத்தில் இருக்கும் கையெழுத்துக்குத்தான் அந்தத் தெளிவு கிடையாது. அது 'இந்தத் தாளை அந்தக் கை தொட்டது' என்று ஒரு வாக்குக் கொடுக்கிறது.

அடுத்து சினிமா வந்தது. அந்தக் காலத்தில் பாடகரும் நட்சத்திரமும் ஒரே ஆள். 'நந்தனார்' (1935) படத்துக்கு கே.பி.சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு கை எத்தனை கையெழுத்துதான் போடும்? ஒரு படத்தில் ஒரே ஒரு தடவை கையெழுத்துப் போட்டு, அதையே போட்டோ எடுத்து, ஆயிரக்கணக்கில் பிரதி போட்டு தபாலில் அனுப்புவதுதான் வழி. அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. கடிதம் போட்ட ரசிகனுக்கு ஒரு மரியாதை.

உலகம் முழுக்க இதே கதைதான். பீட்டில்ஸ் கையெழுத்து என்று ஏலத்துக்கு வருவதில் கணிசமானவை அவர்களோட உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் போட்டவை. கூட்டம் தாங்காமல் நாலு பேருக்கும் சேர்த்து இவங்களே போட்டுக் கொடுத்தார்கள். அதே கூடாரத்தில் ஃபிரெடா கெல்லி என்று ரசிகர் மன்றச் செயலாளர் ஒரு அம்மா. பீட்டில்ஸ் தலைமுடி என்று சொல்லி வேறு யாரோட முடியையோ ரசிகைக்கு அனுப்பினவர்களை வேலையை விட்டே தூக்கினவர். ரசிகைக்குப் போவது நிஜமாக இருக்கணும் என்று அவருக்கு அவ்வளவு பிடிவாதம்.

அப்புறம் மெஷின். அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் 1804லேயே ரெண்டு பேனாவை இணைத்த ஒரு கருவியை வைத்து எழுதினார். இவர் ஒன்றில் எழுத, மற்றது பக்கத்துத் தாளில் அப்படியே எழுதும். 1940களில் ஆட்டோபென் வந்ததும் ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. அச்சு ஒன்றைச் செய்து மாட்டினால் மெஷின் நிஜப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கையெழுத்தாகப் போட்டுத் தள்ளும்.

நவம்பர் 2022இல் பாப் டிலனின் ஒரு புத்தகம் 'கையால் கையெழுத்திட்டது' என்று 599 டாலருக்கு வந்தது. மொத்தம் 900 பிரதிகள். பதிப்பகத்தின் உத்தரவாதக் கடிதம் வேறு. வாங்கினவர்கள் தங்கள் பிரதியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். பியர்ஸ் அப்பாவும் மகனும் செய்த அதே வேலை. பல பிரதிகள் அச்சு அசலாகப் பொருந்தின. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் தலைசுற்றல் நோயும் கொரோனா காலமும் காரணம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நோபல் பரிசுக்காரர் விஷயத்திலேயே உத்தரவாதக் கடிதத்தின் லட்சணம் இதுதான்.

இதையெல்லாம் படிச்சு முடிச்ச கையோட, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் சொருகிக்குவாரே, அந்த 10 மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தேன். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

1. அச்சுப் பிரதி: லென்ஸில் பார்த்தால் கையெழுத்துக் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறும். பேப்பரில் வரும் போட்டோ மாதிரி. பேனா மை புள்ளியாக இருக்காது, காகித நாரில் ஊறியிருக்கும்.

2. ரப்பர் ஸ்டாம்பு: அழுத்தும்போது மை ஓரத்துக்கு ஒதுங்கும். கோட்டின் ஓரம் கறுப்பாக, நடுவில் வெளிறி இருக்கும். ரெண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் எது மேலே, எது கீழே என்று தெரியாது.

3. ஆட்டோபென்: மை நிஜம்தான். ஆனால் அழுத்தம் தலை முதல் வால் வரை ஒரே சீர். மனுஷன் பேனா தாளில் இறங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கோட்டின் முனை கூர்மையாக மெலியும். மெஷின் பேனா வைத்த இடத்தில் நின்று கிளம்புவதால் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சின்னப் பொட்டு விழும்.

4. உதவியாளர் கையெழுத்து: இதுதான் கஷ்டம். மையும் நிஜம், கையும் நிஜம், ஆனால் வேறு ஆள் கை. லென்ஸ் உதவாது. அதே காலத்தில் அவர் போட்ட, சந்தேகமில்லாத கையெழுத்துகளோடு ஒப்பிடணும்.

5. காலம்: பாகவதர் மறைந்தது 1959. ஷார்ப்பி மார்க்கர் பேனா வந்தது 1964. ஷார்ப்பியில் போட்ட பாகவதர் கையெழுத்தை யாராவது விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துடுங்க.

ஞாயிற்றுக்கிழமை படத்தை ஆணியிலிருந்து இறக்கி வைத்து, கண்ணாடி மேலேயே லென்ஸை வைத்துப் பார்த்தேன். புள்ளியே இல்லை! அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் சுத்தி நின்னாங்க. "புள்ளி இல்ல" என்று நான் சொன்னதும் சித்தப்பா காபி டம்ளரை வைச்சுட்டு, "நான் சொன்னேன்ல" என்றார்.

சந்தோஷம் பத்து நிமிஷம்தான். இது அச்சு மெஷினில் வந்த படமே இல்லை, ப்ரோமைடு காகிதத்தில் கழுவி எடுத்த நிஜ போட்டோ என்பது அப்புறம்தான் உறைத்தது. போட்டோவில் முகத்திலேயே புள்ளி இருக்காது, கையெழுத்தில் எப்படி இருக்கும்? கையெழுத்துப் போட்ட படத்தையே திரும்பப் போட்டோ எடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து பிரதி போட்டிருந்தால் மேலே சொன்ன பல சோதனைகள் செல்லாது. அதுக்கு வேறு சோதனை. படத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்க்கணும். மேலே மை இருந்தால் அந்த இடத்தில் பளபளப்பு மாறும். கையெழுத்து போட்டோவுக்குள் இருந்தால் பளபளப்பு உடையாமல் ஒரே சீராக ஓடும்.

அதுக்குக் கண்ணாடியைக் கழட்டணும். கோயில் பக்கத்துல சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுற கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். கடைக்கார அண்ணன் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொண்ணா நெம்பி எடுத்தார். வாசல் வெயிலில் படத்தைச் சாய்த்தேன். பளபளப்பு முகத்தின் மேலே எப்படி ஓடினதோ, கையெழுத்து மேலேயும் அப்படியே ஓடியது. மை இல்லை.

வீட்டுக்கு வந்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று ஏலப் படத்தையும் எங்க படத்தையும் கிம்ப்பில் ஏற்றி, அளவைச் சரிசெய்து, டிஃபரன்ஸ் மோடில் மேலே மேலே வைத்தேன். ஒத்துப்போகும் இடம் கறுப்பாகும். கையெழுத்து மொத்தமும் கறுப்பானது. வடிவம் மட்டுமா? அவர் சட்டை மடிப்பை எந்த இடத்தில் கடைசி எழுத்தின் வால் தொடுதோ, ரெண்டிலும் அதே இடம். ஒரே ஆள் ஒரே நாளில் போட்டாலும் இது நடக்காது.

இதோட முடிஞ்சிருந்தா இது வெறும் மொக்கைப் பதிவு. கடைக்கார அண்ணன் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "தம்பி, பின்னாடி ஏதோ எழுதியிருக்கு பாரு" என்றார். போட்டோவின் முதுகில், நீலக் கறுப்பு மை பழுப்பேறிப்போய் ரெண்டு வரி:

"7-2-1948. மூன்றணா தபால் தலை அனுப்பித் தருவித்தது." கீழே தாத்தாவோட கையெழுத்து. மாங்காடு.

அப்போ தாத்தாவுக்கு 16 வயசு. டாகுமெண்டேஷனைத் திறந்து பார்க்காமல் ரெண்டு வாரம் டீபக் பண்ணியிருக்கேன்!

ஆயா கையில் கொடுத்துப் படிச்சுக் காட்டினேன். ஆயாவுக்கு ஆச்சரியமே இல்லை. "நேர்ல போய் வாங்கினேன்னு உங்க தாத்தா எப்படா சொன்னாரு? பூந்தமல்லியிலருந்து போஸ்ட்மேன் சைக்கிள்ல கொண்டாந்து குடுத்தாருன்னுதான் சொல்வாரு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சாம். நீங்கதான் ஆளாளுக்கு ஒரு கச்சேரிக்கு அனுப்பிட்டீங்க."

தாத்தா பொய் சொல்லவில்லை, அந்த நட்சத்திரமும் சொல்லவில்லை. அவர் அலுவலகம் மூன்றணாவுக்கு ஒரு பிரதி அனுப்பியது, பையன் அதை ஒளிக்காமல் பின்னாலேயே எழுதி வைத்தான். ஃப்ரேம் போட்டு அந்த வரியை மூடின பிறகு, முன்பக்கத்தை மட்டும் பார்த்து நாங்க கட்டினதுதான் மிச்சக் கதை. ஏலத்தில் இருந்த படத்துக்கும் ஏதோ ஒரு வீட்டில் இப்படித்தான் கதை வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏலக்காரருக்கு நான் ஒட்டிப் பார்த்த படங்களை விவரமாக எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மூணு நாள் கழிச்சு ஏலம் 31,000 ரூபாய்க்கு முடிந்தது. வாங்கினவர் எந்த ஊரோ, யாரோ. அவரும் ஒரு ஆணி அடிச்சு மாட்டியிருப்பார்.

சித்தப்பா கடைசியா கேட்டார்: "அப்ப விக்கவே முடியாதாடா?"

"விக்கலாம் சித்தப்பா. நகல் கையெழுத்து, தபால்ல வந்ததுன்னு உண்மையச் சொல்லி விக்கலாம். சில நூறு ரூபா கிடைக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் படத்தைத் திருப்பித் தாத்தா எழுத்தை லென்ஸ் வச்சுப் பார்த்தார். "இது ஒரிஜினலாடா?" என்றார்.

பேனா அழுந்தின இடத்தில் மை கறுத்திருந்தது. தூக்கின இடத்தில் மெலிந்திருந்தது. 'மூன்றணா'வில் ஒரு கால் தடுமாறி, அடித்துத் திருத்தியிருந்தது.

"ஆமா சித்தப்பா. இது ஒரிஜினல்."

ஆயாவோட ஆபரேஷன் செலவை மூணு வீடும் பங்கு போட்டுக்கிட்டோம். ஃப்ரேம் கடை அண்ணன்கிட்ட சொல்லி ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டாச்சு. படம் திரும்ப அதே ஆணிக்குப் போயிடுச்சு.

பி.கு.: பழைய கையெழுத்து வாங்குறவங்க முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஃப்ரேமைக் கழட்டிப் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மறுத்தா அப்பீட்டு ஆயிடுங்க. உங்க வீட்டுச் சுவத்துல இப்படி ஏதாவது தொங்குதுன்னா, கழட்டிப் பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.